மாச்சு பிச்சுவின் அடிவாரத்தில் நான்கு மணி நேரம்

பெரு நாட்டுக்குப் போவது என்று முடிவு செய்தவள் என் மகள் வித்யா. அவளுடைய மகள் ஆரணி அப்போது நான்காம் வகுப்பில், இன்கா மக்களைப் பற்றி ஒரு செயல்திட்டம் செய்துகொண்டிருந்தாள். தாயும் மகளும் முட்டை அட்டைகளை வெட்டி அடுக்கி, மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் இன்கா வயல்களைச் செய்து, பச்சை வண்ணம் பூசி, டொராண்டோவில், ஸ்கார்பரோவின் அஜின்கோர்ட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காயவைத்தார்கள். அது காய இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை நாங்கள் நால்வரும் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டோம். “அடுத்த மார்ச் விடுமுறைக்கு நிஜத்தையே போய்ப் பார்த்துவிடலாம்” என்று வித்யா வாக்குக் கொடுத்தாள். ஜூன் மாதம் அவள் இறந்துபோனாள். வாக்கு வீட்டில் தங்கிவிட்டது.

நான் திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டுமானவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஏழு ஆண்டுகளாக மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் சுகந்தன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மிசிசாகாவில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. எங்கள் வீட்டில் இரண்டு தமிழும் பேசப்பட்டன. பேத்தி தந்தையின் வழக்கப்படி என்னை அம்மப்பா என்றே அழைப்பாள்.

ஜனவரியில் ஒரு மாலை, சுகந்தன் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னார்: “மார்ச் பிரேக்குக்குப் பெரு போறம், மாமா. பிள்ளைக்கு அவ சொன்னது. நீங்களும் வரவேணும்.”

“வீட்ல சாவு நடந்து இன்னும் வருஷம் திரும்பல, மாப்பிள்ளை. எங்க பக்கத்துல மலை ஏற மாட்டாங்க” என்றேன்.

அவர் கையில் தட்டுடன் திரும்பினார். “உது என்ன கதை, மாமா? எங்கட பக்கம் மலையே இல்லை. ஏறக் கூடாதெண்டு சொல்ல ஆருக்குத் தோன்றும்?”

வழக்கம் உண்மையானதுதான். சாவு நடந்த வீட்டார் ஓராண்டுக்கு மலைக்கோட்டைப் படியை மிதிப்பதில்லை. பழனிக்கும் திருப்பதிக்கும் போவதில்லை. ஆனால் நான் அதை ஒருநாளும் பொருட்படுத்தியவன் அல்லன். அன்று அது கைக்கு எட்டிய கதவாக இருந்தது, இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

சுகந்தன் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் தனியச் சமாளிக்க மாட்டன், மாமா” என்றார். அதற்கு என்னிடம் வழக்கம் எதுவும் இல்லை. வருகிறேன் என்றேன். மாடிப்படியில் ஆரணி உட்கார்ந்திருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

முதல் நாள் லிமாவில் கழிந்தது. டொராண்டோவில் பனியை விட்டுவிட்டு வந்த எங்களுக்கு அங்கே வியர்த்தது. சாலைகளில் மூன்று தடத்தில் ஐந்து வண்டிகள் போயின. திருச்சிக்காரனான எனக்கு அதில் அச்சம் தோன்றவில்லை. நானூற்றொன்று நெடுஞ்சாலையில் தடம் மாறுவதற்கே மன்னிப்புக் கேட்கும் பாவனையில் ஓட்டும் சுகந்தன்தான் வாடகைக் காரின் இருக்கையை இறுகப் பற்றியிருந்தார். மதியம் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன் கொண்டுவந்து வைத்தார்கள். “அடுப்பிலை வைக்க மறந்திட்டாங்களோ?” என்று அவர் என்னிடம் மெல்லக் கேட்டார். பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

லிமா கடலோரத்தில் ஓர் உயரமான பாறை விளிம்பின்மீது இருக்கிறது. அதன் ஓரத்தில் நின்று ஆரணி கேட்டாள்: “அம்மப்பா, இது கவுண்ட் ஆகுமா?”

“எது?”

“இந்த ஹைட்.”

ஏதோ குழந்தை விளையாட்டு என்று எண்ணி, ஆகாது என்றேன். அவள் முகம் தெளிந்தது. ஐஸ்கிரீம் கேட்டாள்.

இரண்டாம் நாள் குஸ்கோ. விமானத்திலிருந்து இறங்கி நூறு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. விடுதி வரவேற்பறையில் கோகா இலை மிதக்கும் வெந்நீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். கசந்தது, முருங்கைக்கீரை வேகவைத்த நீரை நினைவூட்டியது. மதிய உணவுக்குப் போன இடத்தில் கினிப்பன்றி வறுவல் பட்டியலில் முதலாவதாக இருந்தது. ஆரணியின் வகுப்பறையில் பட்டன் என்ற பெயரில் ஒன்று வளர்கிறது; வாரக் கடைசியில் முறைவைத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அவள் பரிமாறும் பெண்ணைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள், இவற்றுக்குப் பெயர் உண்டா என்று. அந்தப் பெண் யோசித்து, “எங்கள் வீட்டில் பெயர் வைத்தால் அப்பா திட்டுவார். பெயர் வைத்தால் பிறகு யார் சாப்பிடுவது?” என்றாள். ஆரணி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, அறைக்குப் போகலாம் என்றாள்.

அறையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். சுகந்தன் மருந்துக்கடை தேடிப் போனார். நான் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“இது பனிஷ்மென்ட்தானே?” என்றாள் கண்ணைத் திறக்காமலே.

“எதுக்கு?”

“மலை ஏறினதுக்கு. நீங்கள் கிச்சின்ல அப்பாவுக்குச் சொன்னீங்கள். ஒரு வருஷம் ஏறக் கூடாதெண்டு. இன்னும் மூண்டு மாசம் இருக்கு.”

லிமாவில் அவள் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு மாதங்களாக அவள் அதைத் தனியே சுமந்து திரிந்திருக்கிறாள். நான் அப்போதே ஒரு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாறாக, வளிமண்டல அழுத்தத்தைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினேன். கடல்மட்டத்தைவிட இங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்று குறைவு, உடல் அதற்குப் பழக ஒரு நாள் ஆகும், இது எல்லோருக்கும் வருவது என்றேன். சொன்ன ஒவ்வொன்றும் சரி. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சுகந்தன் மாத்திரையோடு வந்து, “இப்ப எப்பிடி இருக்கிறாள்?” என்றபோது, பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் ரயில். பாதையின் ஒரு பக்கம் உருபாம்பா ஆறு, செம்மண் கரைந்த நிறத்தில் இரைந்துகொண்டு வந்தது. மறுபக்கம் செங்குத்தான மலை. பாதி வழியில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டதாகச் சொல்லி வண்டியை நிறுத்தினார்கள். இரண்டரை மணி நேரம் நின்றோம். எதிர் இருக்கையில் தொப்பி அணிந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் துணி மூட்டையை அவிழ்த்து, நெல்லிக்காய் அளவு மணிகள் கொண்ட வேகவைத்த சோளக்கதிரை எடுத்து, ஒரு துண்டு வெண்ணிறப் பாலாடைக்கட்டியுடன் ஆரணியிடம் நீட்டினார். ஆரணி தந்தையைப் பார்த்தாள். “வாங்கு, பிள்ளை. பசியோட இருக்காதை” என்றார் அவர். பெண்மணி அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொன்றும் கொடுத்தார்.

இடைவழிக்கு அப்பால், டொராண்டோவுக்குக் கிழக்கே உள்ள ஒஷாவாவிலிருந்து வந்த வயதான தம்பதியர் இருந்தார்கள். நாங்கள் ஸ்கார்பரோ என்றதும், “அப்படியென்றால் அண்டை வீட்டுக்காரர்கள்!” என்று எழுந்து வந்து கை குலுக்கினார்கள். ஊரில் இதே இருவரும் எங்களோடு ஒரே ரயில்பெட்டியில் ஓராண்டு பயணம் செய்திருந்தாலும் ஒரு சொல் பேசியிருக்க மாட்டோம். அந்த அம்மையார் ஆரணியின் கன்னத்தைப் பார்த்துச் சிரித்து, “அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லையா?” என்று கேட்டார்.

சுகந்தன், ஆம் என்று தலையசைத்தார். ஆரணி தந்தையைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சோளக்கதிரைப் பார்த்தாள். நான் குறுக்கிட்டு, மழைநீர் ஊறிய சரிவில் மண்ணின் பிடிமானம் எவ்வாறு தளர்கிறது என்று அந்த அம்மையாருக்கு விளக்கத் தொடங்கினேன். மண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு எப்போதும் ஏதாவது இருந்திருக்கிறது. வண்டி நகரும்வரை சொன்னேன்.

நான்காம் நாள் காலை, மலையடிவாரத்து ஊரில் மழை தூறிக்கொண்டிருந்தது. இடிபாடுகள் இருக்கும் முகட்டுக்கு அங்கிருந்து சிறிய பேருந்துகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. ஆற்றோரமாக நீண்ட வரிசை. எல்லோரும் பிளாஸ்டிக் மழையங்கியில். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த எல்சா என்ற பெண் எங்கள் மூவரின் நுழைவுச்சீட்டுகளையும் கையில் வைத்திருந்தார். சீட்டில் நேரம் குறித்திருக்கிறது, அந்த ஒரு மணி நேரத்துக்குள் வாயிலில் நுழையாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், இன்றைக்கு வேறு சீட்டும் கிடைக்காது என்று அவர் இரண்டு முறை சொன்னார். மறுநாள் நாங்கள் திரும்ப வேண்டும்.

எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது ஆரணி வரிசையிலிருந்து விலகி, மூடியிருந்த ஒரு கடையின் கூரைக்கடியில் போய் நின்றாள்.

“என்ன பிள்ளை? லைன் நகருது, வா” என்றார் சுகந்தன்.

“நான் வரேல்லை.”

“விசர்க் கதை கதையாதை. இவ்வளவு தூரம் வந்திட்டு?”

“நீங்கள் போங்கோ. நான் இங்க நிக்கிறன்.”

அவர் அவளருகே குந்தி உட்கார்ந்தார். நானும் வரிசையை விட்டு வந்தேன். ஒரு பேருந்து நிரம்பிப் போயிற்று. ஆரணி ஒரே மூச்சில் சொன்னாள். “காரியத்துக்கு வந்த ஐயர் சொன்னவர், அம்மா ஒரு வருஷம் நடந்து நடந்துதான் அங்க போய்ச் சேருவாவெண்டு. நாங்கள் ஏறினால் அம்மா பார்ப்பா. அவதானே கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவ. எங்களைக் கண்டா திரும்பி வந்திடுவா. பிறகு எப்பிடி அங்க போறது?”

“ஆர் உனக்கு மலை ஏறக் கூடாதெண்டு சொன்னது?”

“அம்மப்பா.”

சுகந்தன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

முதலில் நான் பொறியாளனாகத்தான் பேசினேன். மேலே இருக்கும் இடிபாடுகள் குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வானவை. கணக்குப் பார்த்தால் நாம் இறங்கித்தான் வந்திருக்கிறோம் என்றேன். அவள் தலையைத் தூக்கி, மேகத்துக்குள் மறைந்திருந்த சிகரத்தைப் பார்த்தாள். “அது மலை, அம்மப்பா” என்றாள், எனக்குப் புரியவில்லையோ என்ற கவலையுடன்.

எல்சா கைப்பேசியில் நேரத்தைக் காட்டினார். நாற்பது நிமிடம்.

“நான் சொன்னது பொய்” என்றேன்.

“என்ன பொய்?”

“அப்படி ஒரு வழக்கம் இருக்கு. ஆனா எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது. எங்கப்பா செத்த இருபதாம் நாள், வேணும்னே மலைக்கோட்டை உச்சிக்கு ஏறிப் போயி, அங்க உக்காந்து வேர்க்கடலை தின்னேன்.”

“அப்ப ஏன் அப்பாட்ட அப்பிடிச் சொன்னீங்கள்?”

“இங்க வரப் பயமா இருந்துச்சு.”

“ஃபிளைட்டுக்கோ?”

“இல்ல. உங்கம்மா பாக்காத எடத்தை நான் பாக்கணுமேன்னு.”

நான் இதை யாரிடமும் சொல்லியதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சுகந்தன் எழுந்து நின்று ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொரு பேருந்து போயிற்று. ஆரணி நான் சொன்னதைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கட அப்பா அங்க போய்ச் சேர்ந்திட்டாரா?” என்று கேட்டாள்.

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் வரிசைக்குத் திரும்பியிருப்பாள். நானும் அவளோடு ஏறியிருப்பேன். ஆனால் ஏற்கெனவே ஒரு பொய்யை அவள் இரண்டு மாதம் சுமந்திருந்தாள்.

“தெரியாதும்மா” என்றேன்.

அவள் காலணி நுனியால் ஈரத் தரையைத் தேய்த்தபடி நின்றாள். பிறகு, “அப்ப ஒருத்தராவது கீழ நிக்கவேணும்” என்றாள். “எல்லாரும் ஏறினால்தான் அம்மா வருவா. நீங்கள் இங்க நிண்டா, சரி, ஆக்கள் கீழதான் நிக்கினம் எண்டு போயிடுவா. நிப்பீங்களா?”

“மாமாவுக்கும் டிக்கெட் இருக்கு, பிள்ளை” என்றார் சுகந்தன். “அவர் கல்லுச் சுவரைப் பாக்கவெண்டு நோட்டுப் புத்தகமெல்லாம் எழுதிக்கொண்டு வந்தவர்.”

“நான் நிக்கிறேன், மாப்பிள்ளை. நீங்க கூட்டிட்டுப் போங்க.”

“ஒரு படிகூட ஏறக் கூடாது” என்றாள் ஆரணி.

“ஏற மாட்டேன்.”

எல்சா எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் புரியாமல் நின்றவர், என் சீட்டை மட்டும் பிரித்து என் கையில் கொடுத்தார். காரணம் கேட்கவில்லை. பேருந்தின் பின்கண்ணாடியில் ஆரணியின் மஞ்சள் மழையங்கி முதல் வளைவுவரை தெரிந்தது.

எதிரே ஒரு சிறு உணவகத்தில் போய் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மாள் கேட்காமலே ஒரு கிண்ணம் கோழிச் சூப் கொண்டுவந்து வைத்தார். சுண்ணாம்புக் காரை இல்லாமல் கல்லோடு கல் பொருத்தும் கலையைப் பற்றிப் பதினாறு பக்கம் குறிப்பெடுத்து வந்திருந்தேன். நில அதிர்ச்சியில் அந்தச் சுவர்கள் எவ்வாறு அசைந்து மீண்டும் அமர்கின்றன என்பது வரை. குறிப்பேட்டை ஒருமுறை திறந்து மூடினேன். மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. அடிவாரத்திலிருந்து ஒரு கல்லும் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கழிப்பறை எங்கே என்று சைகையில் கேட்டேன். அம்மாள் மாடியைக் காட்டினார். பதினொரு படிகள். அதன் கீழே நின்று எண்ணினேன். முப்பத்தைந்து ஆண்டுக் காலம் காரண காரியம் கற்பித்த மனிதன் பதினொரு மரப்படிகளுக்கு முன்னால் நின்று, இது கணக்கில் சேருமா என்று யோசித்தேன். பிறகு என் முழங்காலைத் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினேன். அவர் இரங்கி, என்னைத் தெருவில் நான்கு கடை தள்ளி, தரைமட்டத்தில் இருந்த இன்னொருவர் வீட்டுக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். வெளியே நின்று கூட்டியும் வந்தார்.

மீதி மூன்று மணி நேரமும் வித்யாவைத்தான் நினைத்தேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு அதை நான் கவனமாகத் தவிர்த்து வந்திருந்தேன். வீட்டில் எப்போதும் செய்ய ஏதாவது இருந்தது. அங்கே எதுவும் இல்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலையே கீழே இருப்பதுதான். முதல் நாள் அவளைப் பள்ளியில் விட்டது முதல், கடைசி நாள் மருத்துவமனையில் அவள் தாகம் என்றது வரை, ஒன்றையும் விடாமல் நினைத்தேன். பேருந்துகள் வந்தன, போயின.

மதியத்துக்குமேல் அவர்கள் நனைந்து இறங்கினார்கள். ஆரணி நேராக என்னிடம் வந்தாள். “ஏறேல்லைத்தானே?”

“ஒரு படிகூட ஏறல.”

அவள் கடைக்குள் எட்டி மாடிப்படியைப் பார்த்தாள். அம்மாள் என் முழங்காலைக் காட்டி ஸ்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். ஆரணி திருப்தியடைந்தாள். ஆனால் மேலே என்ன பார்த்தாள் என்று சொல்லவில்லை. நன்றாக இருந்தது என்றாள், அவ்வளவுதான். அன்று ரயிலிலும் மறுநாளும் அவள் மௌனமாகவே இருந்தாள். வாக்கு நிறைவேறியும் பிள்ளைக்கு ஏதும் கிட்டவில்லை என்றே நான் எண்ணினேன். சுகந்தன் கைப்பேசியில் படங்களைக் காட்டினார். சுவர்களின் பொருத்துகளைப் பார்க்கலாம் என்று வாங்கினேன். ஒரு படத்தில், நீள்கழுத்து லாமா விலங்கு ஒன்று அவள் மழையங்கிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டிருக்க, ஆரணி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை ஒன்பது மாதமாக நான் பார்த்ததில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலை டொராண்டோவில் இறங்கினோம். விமான நிலைய வாகன நிறுத்தத்தில் எங்கள் கார் ஒரு வாரப் பனிக்குள் புதைந்திருந்தது. சுகந்தன் கதவை மட்டும் விடுவித்து, வெப்பமூட்டியைப் போட்டு, எங்கள் இருவரையும் பின்னிருக்கையில் ஏற்றிவிட்டு, வெளியே நின்று பனி சுரண்டினார். நான்கு கண்ணாடிகளும் வெண்மையாக மூடியிருந்தன.

“அம்மப்பா, ஒண்டு சொல்லட்டா? அப்பாட்டச் சொல்லக் கூடாது.”

“சொல்லு.”

“மேல நிண்டப்போ நான் அம்மாவை மறந்திட்டன்.” அவள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் இல்லை. ஃபுல்லா. லாமா வந்தப்போ இருந்து பஸ்ஸில ஏறும்வரைக்கும். அம்மாதான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவ. நான் மறந்திட்டன்.”

வெளியே சுரண்டும் ஓசை என் பக்கத்திலிருந்து அவள் பக்கத்துக்குப் போயிற்று.

“நீ என்னைக் கீழ நிக்க வெச்சுட்டுத்தானே போனே?” என்றேன்.

“ஓம்.”

“நான் அங்க உங்கம்மாவைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ வர்ற வரைக்கும்.”

“ஃபுல்லாவா?”

“ஃபுல்லா.”

அவள் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். என்னிடம் கைக்குட்டை இல்லை.

கதவு திறந்தது. சுகந்தன் பனித்தூளோடு குனிந்து எட்டிப் பார்த்தார். “என்ன சத்தம்? பிள்ளை அழுகிறாளோ?”

“இல்ல, மாப்பிள்ளை” என்றேன். “நான்தான்.”